சோற்றில் லாபம் இல்லை: ஒரு மால் எப்படி இயங்குகிறது?

என் அண்ணன் மகளுக்குச் செவ்வாய்க்கிழமைதான் வார விடுமுறை. மாலில் துணிக்கடை வேலை. ஊருக்கெல்லாம் ஓய்வு தரும் ஞாயிறுதான் அவளுக்கு இடுப்பொடியும் நாள். போன செவ்வாய் காலை காசிமேட்டில் வாங்கி வந்த சங்கராவை நான் செதில் எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் புளி கரைத்துக்கொண்டே கேட்டாள்:

"அத்தை, எங்க கடைக்கு எதிர்ல ஒரு பெரிய கடை இருக்குல்ல, பாதி மாடிய அடைச்சிக்கினு? அவங்க சதுர அடிக்குக் குடுக்குற வாடகை நாங்க குடுக்குறதுல பாதிகூட இல்லையாம். மேனேஜர் பொலம்புறாரு. பெரியவனுக்குக் கம்மி, சின்னவனுக்கு ஜாஸ்தியா? இன்னா கணக்கு இது?"

"உங்க ஆயா மெஸ்ஸு கணக்குதான்டி" என்றேன். அவள் நம்பவில்லை. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் அம்மா காலடிப்பேட்டையில் மெஸ் நடத்தினார். மூன்று பெஞ்சு, ஒரு விறகடுப்பு, இரண்டு பம்ப் ஸ்டவ். என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., விம்கோ தீப்பெட்டி ஆலை என்று திருவொற்றியூரில் சங்கு ஊதாத மணியே இல்லாத காலம். ஷிஃப்ட் முடிந்து வருகிறவனுக்கு முதலில் வேண்டியது சோறு. அதைக் கொள்ளைக்கு விற்றால் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடுவான். ஆகவே சோறு, குழம்பு, ரசம், மோர் எல்லாம் சேர்த்து அம்மா வாங்கிய காசு, போட்ட காசுக்குச் சரியாகப் போகும். லாபம் வந்தது ஓரத்துத் தட்டில் அடுக்கியிருந்த வறுவலில். ஒரு துண்டு வஞ்சிரம், ஒரு ஆம்லெட், கொஞ்சம் நெத்திலி. சோற்றுக்காக உள்ளே வந்தவன் வறுவலுக்குக் காசு கொடுத்துவிட்டுப் போவான். சோற்றுக்காக வந்த கூட்டம் இல்லையென்றால் வறுவலில் ஈ மொய்க்கும்.

மாலில் அந்தப் பெரிய கடைதான் சோறு. தொழிலில் அதை ஆங்கர் என்கிறார்கள், நங்கூரம். பல்பொருள் அங்காடி, பெரிய துணிக்கடை, பல திரைகள் கொண்ட சினிமா ஆகியவை இந்த வகை. இவற்றுக்காகத்தான் மக்கள் வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள். அதனால் மால்காரர் இவற்றைக் குறைந்த வாடகைக்கு, நீண்ட குத்தகைக்கு, சமயத்தில் கெஞ்சிக்கூட அழைத்து வருவார். அந்தக் கூட்டம் நடந்து போகும் வழியில் இருக்கும் செருப்புக்கடை, மூக்குக்கண்ணாடிக் கடை, வாசனைத் திரவியக் கடை, என் அண்ணன் மகள் நிற்கும் துணிக்கடை எல்லாம் வறுவல். சதுர அடிக்கு அதிக வாடகை அவர்களிடமிருந்துதான் வரும். மேனேஜர் புலம்புவதில் நியாயம் உண்டு. ஆனால் எதிர்க்கடை நாளைக்கே காலி செய்துவிட்டுப் போனால் அவர் இன்னும் பலமாகப் புலம்புவார். நங்கூரம் போன மால்கள் எப்படி இருக்கும் என்பதைச் சென்னைக்காரர்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். நகரும் படிகள் ஓடும், ஏற ஆள் இருக்காது.

வாடகைக் கணக்கில் இன்னொரு நுணுக்கம் உண்டு. மீன் வாங்கும் எவருக்கும் அது சட்டென்று புரியும். ஒரு கிலோ சங்கரா என்று காசு கொடுக்கிறோம். செதில், செவுள், குடல் போனபின் சட்டியில் விழுவது அதைவிடக் குறைவு. போனதற்கும் சேர்த்துத்தான் காசு. மாலில் கடைக்காரர் ஆயிரம் சதுர அடிக்கு வாடகை கொடுப்பார். அவர் சரக்கு அடுக்கக்கூடிய தரை அதைவிட நன்றாகவே குறைவாக இருக்கும். மீதி நடைபாதை, கழிப்பறை, லிஃப்ட், நடுமுற்றம் ஆகியவற்றில் அவருடைய பங்கு. அதற்கு மேல் பராமரிப்புக் கட்டணம் தனி. காவலாள், துப்புரவு, விளக்கு, பொது இடத்துக் குளிர் எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

அது போக, விற்பனையிலும் பங்கு. அம்மாவின் மெஸ் வாசலில் ஒரு பெரியவர் வெற்றிலைப் பெட்டி வைத்திருந்தார். தினம் ஒரு ரூபாய் கட்டாயம் தந்துவிடுவார். வடிவுடையம்மன் கோயில் மாசித் திருவிழாவில் தேர் ஓடும் நாட்களில் வியாபாரம் பொங்கும்; அப்போது விற்றதில் ஒரு பங்கு. இரண்டில் எது அதிகமோ அது அம்மாவுக்கு. இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது, ஒருநாளும் சண்டை வந்ததில்லை. இன்றைய மால் ஒப்பந்தங்களில் பல பக்கங்களுக்கு நீளும் 'குறைந்தபட்ச உத்தரவாதம் அல்லது விற்பனைப் பங்கு, எது அதிகமோ அது' என்ற விதி இதேதான். அதனால்தான் மால் நிர்வாகம் ஒவ்வொரு கடையின் பில் கணக்கையும் கேட்கிறது. வாசலில் எத்தனை தலை நுழைந்தது என்று கருவி வைத்து எண்ணுகிறது.

நுழைந்த தலையை எந்த வழியாக நடக்க விடுவது என்பது அடுத்த கைப்பக்குவம். மெஸ்ஸில் கை கழுவும் குழாய் எங்கே இருந்தது தெரியுமா? கடைசியில், பின்கட்டில். கை கழுவப் போகிறவன் வறுவல் தட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். திரும்பும்போதும் தாண்டித்தான் வர வேண்டும். மாலில் சினிமாவையும் சாப்பாட்டுக் கூடத்தையும் உச்சி மாடியில் வைப்பது அந்தக் குழாய்க் கணக்குதான். மேலே போனவர் மாடி மாடியாக இறங்கித்தான் வரவேண்டும். பல மால்களில் ஒரு நகரும் படியில் ஏறி இறங்கினால் அடுத்த படி பக்கத்திலேயே இருக்காது. கடைகளைச் சுற்றி நடந்து மறுமுனைக்குப் போகவேண்டும். நங்கூரக் கடைகளை இரண்டு கோடிகளில் வைத்து நடுவில் சின்னக் கடைகளைக் கோர்ப்பதும் இதற்காகவே.

இந்த அமைப்பை ஊருலகத்துக்குக் காட்டியவர் விக்டர் க்ரூயன். வியன்னாவில் பிறந்தவர்; நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்கா போன யூதர். 1956 இல் மினசோட்டாவில் அவர் கட்டிய சவுத்டேல் மையம், முழுக்கக் கூரை மூடி, ஆண்டு முழுதும் ஒரே தட்பவெப்பம் காத்த மால். இரண்டு பெரிய கடைகள், நடுவில் ஒரு முற்றம். வியன்னாவின் வீதிகளைப் போல மக்கள் நடந்து, உட்கார்ந்து, பேசும் இடமாக அது ஆகும் என்று அவர் கனவு கண்டார். சுற்றிலும் கார் நிறுத்துமிடங்களே பெருகின. பிற்காலத்தில் இந்த மால்களோடு தன் பெயரைச் சேர்ப்பதையே அவர் வெறுத்தார். சவுத்டேலுக்கும் ஒரு வருடம் முன்பே, 1955 இல், ஸ்வீடனின் வடகோடியில், துருவ வட்டத்துக்கு அருகில் உள்ள லூலியோ என்ற ஊரில் ரால்ஃப் எர்ஸ்கின் என்ற கட்டடக்கலைஞர் கூரை மூடிய கடைவீதி ஒன்றைக் கட்டிவிட்டார். வெளியே பனி. உள்ளே கோட்டைக் கழற்றிவிட்டு நடக்கலாம்.

இங்கேதான் என் அண்ணன் மகள் குறுக்கே பேசினாள். "அங்க குளிருக்குப் பயந்து மூடுனாங்க. இங்க வெயிலுக்கு மூடுறோம். ரெண்டும் எப்படி அத்தை ஒண்ணாகும்?"

தெர்மாகோல் பெட்டியை நினைத்துக்கொள் என்றேன். காசிமேட்டில் அதில்தான் ஐஸ் போட்டு மீன் அனுப்புகிறார்கள். அதே பெட்டியில்தான் காலையில் தெருவில் இட்லி விற்கிறவர் சூடு ஆறாமல் இட்லி வைத்திருக்கிறார். பெட்டிக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. உள்ளே இருப்பதை வெளியே விடாது, வெளியே இருப்பதை உள்ளே விடாது, அவ்வளவுதான். ஸ்டாக்ஹோமுக்குப் பக்கத்துச் சோல்னாவில் 2015 இல் திறந்த மால் ஆஃப் ஸ்காண்டினேவியாவும், ஹெல்சிங்கியின் பாசிலாவில் 2019 இல் திறந்த டிரிப்லாவும் இட்லிப் பெட்டி. நம் ராயப்பேட்டை எக்ஸ்பிரஸ் அவென்யூவும் வேளச்சேரி ஃபீனிக்ஸும் மீன் பெட்டி.

ஆனால் மீன் பெட்டிக்கு ஐஸ் வேண்டும். இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. இருபத்திரண்டு வருடம் காசிமேட்டில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதியவள் நான். விசைப்படகு கடலுக்குப் போகும்முன் எத்தனை டன் ஐஸ் ஏற்றுகிறது என்பதுதான் என் பேரேட்டின் முதல் பத்தி. வீட்டு ஏ.சி.யை ஒன்றரை டன் என்கிறோமே, அந்த டன்னும் இந்த ஐஸ் டன்தான். ஒரு டன் ஐஸ் ஒரு நாள் முழுக்க உருகும்போது எவ்வளவு சூட்டை உறிஞ்சுமோ, அவ்வளவு சூட்டை ஒரு நாளில் வெளியேற்றும் கருவி ஒரு டன் கருவி. அது அமெரிக்க டன், 907 கிலோ. மின்கணக்கில் சொன்னால் மூன்றரை கிலோவாட் அளவு சூடு. இயந்திரக் குளிர் வருவதற்கு முன்னால் மதராஸில் குளிர்ச்சி என்றாலே ஐஸ் கட்டிதான். பாஸ்டனிலிருந்து ஃப்ரெடரிக் டூடரின் கப்பல்களில் வந்த ஐஸை இறக்கி வைக்க 1842 இல் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்று கடற்கரையில் விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. ஒரு பெரிய மாலின் குளிர்க் கருவிகள் ஆயிரக்கணக்கான டன் அளவுடையவை. அதாவது நாள் முழுக்க ஓடினால் அத்தனை ஆயிரம் டன் ஐஸை உருக்கும் சமையல்.

அது நடக்கும் விதம் இது. கீழ்த்தளத்திலோ மாடியிலோ சில்லர் என்ற பெரிய இயந்திரம் இருக்கும். அது காற்றைக் குளிர்விப்பதில்லை, தண்ணீரைக் குளிர்விக்கிறது. சுமார் 7 டிகிரிக்குக் குளிர்ந்த தண்ணீர் குழாய்களில் மால் முழுக்க ஓடும். அங்கங்கே அந்தக் குழாய்ச் சுருள் மேல் விசிறி காற்றை ஊதும். காற்று சூட்டைத் தண்ணீரிடம் விட்டுவிட்டுக் குளிர்ந்து வெளிவரும். தண்ணீர் 12 டிகிரி போல ஆகி சில்லருக்குத் திரும்பும். குளிர்ந்த மோர்ச் சொம்பின் வெளிப்பக்கம் வியர்க்கிறதல்லவா? அதேபோல அந்தச் சுருளும் வியர்க்கும். அந்த நீர் வடிகாலில் போகும். நம் ஊர்க் கடற்காற்றில் இது பெரிய வேலை. சூட்டை எடுப்பதோடு நிற்காமல் காற்றைப் பிழிந்து ஈரத்தையும் எடுக்க வேண்டும். மாலுக்குள் நுழைந்ததும் உடம்பு லேசானது போல இருப்பதற்குப் பாதிக் காரணம் அந்தப் பிழிதல்தான்.

உறிஞ்சிய சூடு எங்கே போகும்? மொட்டை மாடிக்கு. அங்கே கூலிங் டவர் என்று பெரிய பெட்டிகள் நிற்கும். சூடான தண்ணீரைத் துளித்துளியாக உதிர்த்துக் காற்றில் காட்டும். கொஞ்சம் தண்ணீர் ஆவியாகி மீதியைக் குளிர வைக்கும். அது மண்பானையேதான். பானை கசிந்து, கசிந்த ஈரம் காய்ந்து, உள்ளே இருப்பது குளிர்வது போல. புழுக்கமான நாளில் பானைத் தண்ணீர் சரியாகக் குளிராது. அன்றைக்கு டவரும் திணறும். ஆவியாகிப் போன தண்ணீரை ஈடுகட்ட நாள் முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கோடையில் குடங்களோடு லாரிக்குக் காத்திருந்த தெருவில் வளர்ந்தவள் நான். இதை எழுதும்போது கை கொஞ்சம் நிற்கிறது.

சாப்பாட்டுக் கூடத்தில் இத்தனை அடுப்பு எரிந்தும் துணிக்கடையில் ஏன் வறுவல் நெடி அடிப்பதில்லை என்றும் கேட்டாள். மிளகாய் வறுக்கும்போது அம்மா என்ன செய்வார்? கொல்லைக் கதவைத் திறந்து வைப்பார். கடற்காற்று முன்வாசலில் நுழைந்து நெடியைப் பின்னால் தள்ளிக்கொண்டு போகும். மாலில் அந்தக் காற்றை இயந்திரம் செய்கிறது. அடுப்பறைகளிலிருந்து உள்ளே வருவதைவிட அதிகக் காற்றை உறிஞ்சி வெளியே விடுகிறார்கள். அதனால் கூடத்துக் காற்று அடுப்பறைக்குள் போகும். அடுப்பறைக் காற்று கூடத்துக்கு வராது. மால் முழுக்க இதற்கு நேர்மாறு. உள்ளே காற்றழுத்தத்தைச் சற்றுக் கூடுதலாக வைப்பார்கள். கதவு திறந்தால் குளிர்காற்று வெளியே தள்ளும், தெருவின் அனல் உள்ளே வராது. வாசலில் நிற்கும்போது முகத்தில் படும் அந்தக் குளிர்ந்த மூச்சு உபசாரம் போலத் தோன்றும். அது அழுத்தம்.

இவ்வளவுக்கும் மின்சாரம் வேண்டும். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இங்கிருந்துதான் கதை தொடங்குகிறது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை எரிந்தது. அத்திப்பட்டில் வட சென்னை அனல்மின் நிலையம்: முதல் நிலை 630 மெகாவாட், இரண்டாம் நிலை 1200 மெகாவாட். அருகே வல்லூரில் 1500 மெகாவாட். அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்கவே 2001 இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. இன்று அது காமராஜர் துறைமுகம். எந்த மாலின் எந்த விளக்கு எங்கள் ஊர் மின்சாரத்தில் எரிகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. மின்தொகுப்பு ஒரு பொது அண்டா. எல்லா அடுப்பிலும் சமைத்தது அதில் கொட்டப்படுகிறது, எல்லா வீட்டுக் கரண்டியும் அதில் மொள்கிறது. ஆனால் அடுப்பு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொல்ல முடியும். அடுப்பு இங்கே, பந்தி அங்கே.

விறகடுப்புச் சாம்பலை அம்மா வீணாக்கியதில்லை. பாத்திரம் தேய்க்க, மீன் வழுக்காமல் பிடித்து நறுக்க எல்லாவற்றுக்கும் அதுதான். நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் சாம்பல் இருக்கும். அதில் ஒரு பகுதி சிமென்டுக்கும் கல்லுக்கும் போகிறது. மீதியைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் சாம்பல் குட்டைக்கு அனுப்புகிறார்கள். குழாய் கசிந்து சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படிந்ததைக் காட்டுக்குப்பம் மீனவர்கள் வருடக்கணக்காகச் சொல்லிவருகிறார்கள். அந்தக் கழிமுகத்து எறாதான் அம்மாவின் மெஸ்ஸுக்கு வெள்ளிக்கிழமை தவிர்த்து மற்ற நாட்களில் வந்தது. ஆற்றில் இறங்கிக் கையால் தடவிப் பிடித்துப் பறியில் போட்டுக்கொண்டு வருவார்கள். துள்ளும். முருங்கைக்காய் போட்டுச் செய்த அந்தத் தொக்கின் ருசியை என் அண்ணன் மகளுக்கு நான் வாயால்தான் சொல்ல முடிகிறது.

சரக்கும் எங்கள் வழியாகத்தான் போகிறது. சென்னைத் துறைமுகத்தில் 1983 இல் கன்டெய்னர் முனையம் வந்தது. அன்றிலிருந்து எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர்களுக்குப் பின்னால் நிற்பது எங்கள் வாழ்வில் ஒரு பகுதி. பிள்ளைகள் பள்ளிக்கூட வண்டியில் அந்த வரிசையில் தூங்கிவிடுவார்கள். பெட்டி இறங்கி, செங்குன்றம், மாதவரம் பக்கத்துக் கிடங்குகளுக்குப் போய், பிரித்து, சின்ன வண்டிகளில் மாலின் பின்வாசலுக்கு இரவோடு இரவாகப் போகும். எந்த மாலுக்கும் முன்னால் கண்ணாடி, பின்னால் கொல்லை. வாடிக்கையாளர் கண்ணில் படாத ஒரு நடை கடைகளின் முதுகை ஒட்டி ஓடும். குப்பை, சரக்கு, சாப்பாட்டு எச்சில் எல்லாம் அதில்தான். என் அண்ணன் மகள் மதியச் சாப்பாட்டைத் தின்பதும் அந்த நடையில்தான், அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து.

பெரம்பூரைத் தாண்டிக் கடலோரமாக வடக்கே வந்தால், ராயபுரம் முதல் எண்ணூர் வரை, இந்த மாதிரிப் பெருமால் ஏதும் எழவில்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 இல் புறப்பட்டது ராயபுரத்திலிருந்து. ஆலைகள் வந்ததும் இங்கே. பந்தி மட்டும் இங்கே போடப்படவில்லை. மக்களிடம் காசில்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கால் வைத்துப் பார்த்துவிட்டு அதைச் சொல்லட்டும். கூரையில்லாத, சில்லர் இல்லாத மால் அது. துணிக்கடைகள் சோறு; வளையல், பூ, கம்மல், மாங்காய் பத்தை விற்கிறவர்கள் வறுவல். அங்கே நடைபாதைக்குப் பராமரிப்புக் கட்டணம் இல்லை. வாங்காதவரையும் யாரும் ஒரு மாதிரிப் பார்ப்பதில்லை. என் கணிப்பில், கடலுக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் நடுவே ஒடுங்கிய இந்த நிலம், அதில் பெரிய மனைகள் எல்லாம் ஆலைகளிடமும் துறைமுகத்திடமும் இருப்பது, புகையும் டிரெய்லரும் இருக்கும் சாலைக்குக் காரில் வர யோசிப்பவர்கள், இவை மூன்றும்தான் மால்காரர்களைத் தெற்கே திருப்பின.

ஸ்டாக்ஹோமில் இதை வேறு வரிசையில் செய்தார்கள். 1954 இல் வேலிங்பி என்ற புறநகரைத் திறந்தபோது சுரங்க ரயில், வீடுகள், கடைவீதி, வேலையிடம் எல்லாம் சேர்த்தே திட்டமிட்டார்கள். அங்கே குடியிருப்பவர் ரயிலைவிட்டு இறங்கினால் கடைவீதி. எங்களுக்கு மெட்ரோ 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை வந்தது. அது பெரிய வரம். அதைக் குறைத்துச் சொல்ல மனம் வராது. ஆனால் காலையில் அதில் ஏறும் எங்கள் பெண்கள் அரசினர் தோட்டத்திலும் திருமங்கலத்திலும் இறங்கி, அங்குள்ள மால்களில் நிற்கப் போகிறார்கள்.

நிற்கத்தான். அம்மாவுக்கு அடுப்பருகே ஒரு மணை இருந்தது. குழம்பு கொதிக்கும் இடைவெளியில் உட்காருவார். யாரும் கேட்கமாட்டார்கள். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021 இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. "ஸ்டூல் குடுத்திருக்காங்க அத்தை" என்றாள். "மூணு பேருக்கு ஒண்ணு. கஸ்டமர் வந்தா எழுந்துடணும்." மாலில் கஸ்டமர் வராத நேரம் ஏது?

இரவு பத்து மணிக்குக் கடை மூடும். பெரிய விளக்குகள் அணையும், சில்லர்கள் ஒவ்வொன்றாக அடங்கும், பின்வாசலில் வண்டிகள் வந்து நிற்கும். அவள் தேரடியில் இறங்கி வீடு சேர மணி பதினொன்றைத் தொட்டுவிடும். மத்தியானம் வைத்த சங்கராக் குழம்பு அதற்குள் புளியும் காரமும் ஊறி நல்ல பதத்துக்கு வந்திருக்கும். அவள் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு மணையில் உட்கார்ந்து சாப்பிடுவாள். நான் பழைய ஐஸ் கம்பெனி தெர்மாகோல் பெட்டியைத் திறந்து, சூடு ஆறாத சோற்றை எடுத்துப் போடுவேன்.